வேனில் சொன்ன ஒரு பொய்

பெப்ரவரி 2, திங்கள்

காலையிலேயே வெயில். மூன்று வாரமாக மழை இல்லை. ரப்பர் மரங்கள் இலை கொட்டி முடித்துவிட்டன. பாதை முழுக்கச் சருகு, வளைவுகளில் டயர் வழுக்குகிறது.

செய்ய வேண்டியவை: பிரேக் ஒயில். பின் கதவு ரப்பர். சாந்திக்குப் பல்வலி மாத்திரை. தினிதி விட்டுப்போன தண்ணீர்ப் போத்தல்.

இதற்குத்தான் இந்த டயரி, வேன் வேலைகளைக் குறித்து வைக்க. இன்று வேறொன்றும் எழுத வேண்டியிருக்கிறது.

வேனில் பிள்ளைகள் ஒன்பது. தோட்டத்திலிருந்து என் மகள் கௌசல்யா மட்டும். மற்ற எட்டும் கீழே கொடகவெல பாதையோரத்துச் சிங்களப் பிள்ளைகள். ஒரே சிங்களப் பாடசாலை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும் என்று நானும் மனைவி சாந்தியும்தான் அங்கே சேர்த்தோம். கௌசி இப்போது மூன்றாம் வகுப்பு, எட்டு வயது. பெயரும் யோசித்து வைத்ததுதான். கௌசல்யா என்றால் இரண்டு பக்கமும் செல்லும்.

நாளை மறுநாள் சுதந்திர தினம். வகுப்பில் கொடிக்கு வர்ணம் தீட்டியிருக்கிறார்கள். திரும்பி வரும்போது தினிதி, கௌசியின் வகுப்புத் தோழி, மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தாள். (வேனில் பேச்சு எல்லாம் சிங்களம். தமிழில் எழுதுகிறேன்.)

“சிங்கம் நாங்க. பச்சை முஸ்லிம் ஆளுங்க. தெம்பிலி நிறம் தமிழ் ஆளுங்க. டீச்சர் சொன்னாங்க.”

தெம்பிலி நிறம் என்றால் செவ்விளநீர் நிறம், கொடியின் செம்மஞ்சள் பட்டை. பிறகு விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தாள். நீ சிங்கம், நீ சிங்கம். கௌசியிடம் வந்து விரல் நின்றது.

“நானும் சிங்கம்” என்றாள் கௌசி.

தினிதிக்குச் சந்தேகம் தீரவில்லை. முன்னால் எட்டி என்னைக் கேட்டாள். “சிறி மாமா, நீங்க சிங்களம்தானே?”

நான் “ஒவ்” என்றேன். ஆமாம் என்று. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எதிரே பஸ், ஹோர்ன் அடித்துக்கொண்டே சொன்னேன்.

கண்ணாடியில் கௌசி. வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் இறங்கிய பிறகு தோட்டத்து ஏற்றம் ஏறினோம். எங்கள் லயத்து வீட்டு வாசலில் கேட்டாள்.

“அப்பா, தெம்பிலின்னா எளநிதானே?”

“ஆமா.”

“அப்ப நம்ம எளநியா?”

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

பெப்ரவரி 3, செவ்வாய்

பிரேக் ஒயில் ஊற்றியாயிற்று. பின் கதவு இன்னும் ஆடுகிறது.

காலையில் கௌசிதான் முதலில் ஏறுவாள். கீழே போகும் வரை நானும் அவளும் மட்டும். இன்று சொன்னாள், அடுத்த செவ்வாய் பாடசாலையில் பெற்றோர் கூட்டமாம். “அப்பா மட்டும் வாங்க.”

“ஏன், அம்மாவுக்கு என்ன?”

அதற்குள் சந்தி வந்துவிட்டது, பிள்ளைகள் ஏறினார்கள்.

நான் சாந்தியிடம் சொல்லவில்லை. கௌசியே சொல்லிவிட்டாள். பின்னேரம் சாந்தி பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கௌசி போய்ப் பக்கத்தில் குந்தினாள்.

“அம்மா, கூட்டத்துக்கு வந்தா பொட்ட அழிச்சிட்டு வாங்க. அங்க தமிழ் பேச வேணாம். அப்பா பேசுவாரு.”

சாந்தியின் கை நின்றது. பிறகு மறுபடி துருவினாள்.

“சரி பாப்பா.”

அவ்வளவுதான். சாப்பாட்டில் உப்பு இல்லை, யாரும் சொல்லவில்லை.

பெப்ரவரி 4, புதன்

விடுமுறை. வேன் இல்லை. வானம் வெள்ளை, காற்றே கிடையாது. கோயில் பக்கம் ஒலிபெருக்கி, கீழே சந்தியில் இன்னொரு ஒலிபெருக்கி.

கௌசி அடுத்த லயத்துக்கு விளையாடப் போன நேரம் சாந்தியிடம் எல்லாம் சொன்னேன். வேன், தினிதி, நான் சொன்ன ஒவ். கேட்டேன், பிள்ளையிடம் இதையெல்லாம் எப்போது பேசுவது? எட்டு வயதில் வேண்டுமா? பத்து வயது ஆகட்டுமே.

துணி மடித்துக்கொண்டே சொன்னாள். “எப்ப சொல்றதுன்னு கேக்குறீங்க. நீங்கதான் திங்கக்கெழமையே சொல்லிட்டீங்களே.”

“நான் என்ன சொன்னேன்?”

“நம்ம யாருன்னு வெளிய சொன்னா கேவலம்னு சொன்னீங்க. அது அவளுக்கு நல்லா வெளங்கிருச்சி. அதான் எங்கிட்ட வந்து பொட்ட அழின்னா.”

எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட ஒன்றும் இல்லை என்பதும் தெரிந்தது.

பதினாலு வருடமாக இந்த வேலை. என் பெயர் சிறீதரன். சந்தியில் முதல்நாள் யாரோ சிறி என்று கூப்பிட்டார்கள். சிங்களத்தில் சிரிபால, சிரிசேன எல்லாரும் சிறிதான். நான் திருத்தவில்லை. பிறகு யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேனில் சாமி படம் வைக்கவில்லை. போனில் தமிழ்ப் பாட்டு வைக்கவில்லை. இதெல்லாம் கௌசி கண்ட விஷயங்கள்தான். நான் சொல்லிக்கொடுக்காத பாடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் எட்டு வயதுதான் இருக்கும். எம்பிலிப்பிட்டியவுக்குச் சப்பாத்து வாங்க அப்பாவோடு போனேன். யுத்த காலம். முதல்நாள் எங்கேயோ குண்டு வெடித்த செய்தி. கடையில் ஆட்கள் ரேடியோ கேட்டுக்கொண்டு நின்றார்கள். நான் “அப்பா, இது கடிக்குது” என்று சப்பாத்தைக் காட்டினேன். அப்பா என் கையைப் பிடித்து நசுக்கினார். விடவேயில்லை. அந்தச் சப்பாத்தை அப்படியே வாங்கி, பேசாமல் பஸ் ஏறி வந்தோம். ஏன் என்று அவர் சாகும்வரை சொல்லவில்லை. ரொம்ப நாள் நினைத்தேன், சப்பாத்து வேண்டாம் என்று சொன்னது பிழை என்று. பிறகுதான் புரிந்தது, பிழை “அப்பா” என்ற தமிழ்ச் சொல்.

இதைச் சாந்தியிடம் இன்றுதான் சொன்னேன். கல்யாணம் முடித்துப் பத்து வருடம்.

அந்த நேரம் பார்த்துக் கௌசி வாசலில். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். “அவனுங்கள நம்பக் கூடாதுன்னு நீங்க சொல்வீங்களே. தினிதியையும் நம்பக் கூடாதாம்மா?”

சாந்திக்கு முகம் வாடிவிட்டது. எப்போதோ சிங்களக் கங்காணியோடு சண்டை வந்த நாளில், பஸ்ஸில் யாரோ ஏசிய நாளில் சொன்னதாக இருக்கும். “அது பெரியவங்க பேச்சு” என்றாள். அது பதில் இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

பெப்ரவரி 5, வியாழன்

காலையில் சொல்லலாம் என்று இருந்தேன். முதல் வளைவில் சொல்லலாம், பாலத்தில் சொல்லலாம், கோயிலடியில் சொல்லலாம். சந்தி வந்துவிட்டது.

பின்னேரம் எல்லாரையும் இறக்கிவிட்டு, ஓடையருகே வேனை நிறுத்தினேன். தண்ணீர் கணுக்கால் அளவுதான். கௌசி கால் நனைத்துக்கொண்டு நின்றாள். நான் டயர் கழுவினேன். கை வேலையாக இருந்தால் பேச்சு வரும்.

“பாப்பா, நம்ம தமிழ். ஒனக்குத் தெரியுந்தானே.”

“ம்.”

“எப்ப தெரியும்?”

“மொதலாம் வகுப்புல. புத்த சமயப் பாடத்துல டீச்சர், ஒனக்கு இது வீட்ல சொல்லித் தர ஆள் இல்லதானேன்னு கேட்டாங்க.”

இரண்டு வருடம். நான் பத்து வயது ஆகட்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

“ஏன் எங்ககிட்ட சொல்லல?”

“நீங்க சொல்லல. அதான்.”

காலால் தண்ணீரை அளைந்துகொண்டே அவளே கேட்டாள். “தமிழா இருந்தா தப்பாப்பா?”

“இல்ல.”

“அப்ப ஏன் அன்னைக்கி ஒவ்னு சொன்னீங்க?”

“பயந்துட்டேன்.”

“யாருக்கு?”

கேள்வி கேட்டவளுக்குத்தான் பயந்தேன் என்று நினைத்திருப்பாள்.

“தினிதிக்கா? அவளுக்கு முன்னாடி மூணு பல்லுகூட இல்லப்பா.”

டயரைக் கழுவிக்கொண்டே இருந்தேன். சப்பாத்துக் கதையைச் சொன்னேன், குண்டு என்ற சொல்லை விட்டு. பிறகு அதையும் சொன்னேன். யுத்தம் என்று ஒன்று நடந்தது, இரண்டு பக்கமும் செத்தார்கள், இங்கே தோட்டத்தில் இருந்த நாங்கள் அதில் இல்லை, ஆனாலும் எங்கள் வாயைப் பார்த்துப் பயந்தார்கள், நாங்களும் பயந்தோம். எவ்வளவு புரிந்ததோ. நடுவில் ஒரு மீன் குஞ்சைக் காட்டினாள்.

கடைசியில், “தாத்தா பாவம்” என்றாள். அப்பாவைப் பற்றி அப்படி நான் நினைத்ததே இல்லை.

சாந்தியும் கௌசியிடம் பேசினாளாம். ஒருத்தன் ஏசினதுக்காக எல்லாரையும் சொன்னது அம்மாவின் பிழை என்று. சாந்தி பிழை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பெப்ரவரி 6, வெள்ளி

மு.ப. 6.50. பிள்ளைகள் எல்லாரும் ஏறிய பிறகு, பாலத்துக்கு முன்னால் வேனை ஓரம் கட்டினேன். இன்ஜினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பேச முடியாது என்று பட்டது.

“தினிதி, திங்கக்கிழமை நீ கேட்டதுக்கு நான் பொய் சொன்னேன். நாங்க தமிழ்.”

தினிதி கேட்டாள், “அப்ப ஏன் சிங்களம் பேசுறீங்க?”

“ரெண்டும் தெரியும்.”

“கௌசிக்கும் ரெண்டும் தெரியுமா?” அவளுக்கு அதுதான் பெரிய விஷயம். “டீச்சர்கிட்ட சொல்லாம தமிழ்ல ஏதாச்சும் சொல்லேன்” என்று கௌசியின் காதில்.

கடைசி சீட்டில் செனுலி. ஆறு வயது, முதலாம் வகுப்பு. மெல்லக் கேட்டாள். “சிறி மாமா புலியா?”

வீட்டில் கேட்ட சொல். கெட்ட எண்ணம் இல்லை அந்தக் குரலில், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“இல்ல மகள். வேன் ஓட்டுற மாமா.”

மற்றவர்கள் சிரித்தார்கள். செனுலி சிரிக்கவில்லை. இறங்கும்போது தினமும் கையைப் பிடித்து இறக்குவேன். இன்று பிடித்தாள், ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

மத்தியானம் வாங்கிய வடை பாதி இன்னும் வேனிலேயே கிடக்கிறது.

பெப்ரவரி 7, சனி

பின் கதவு ரப்பர் மாற்றினேன். சாந்தி அரை நாள் வேலை. பல்வலி குறைந்திருக்கிறது.

பத்து மணிக்குப் போன். செனுலியின் அம்மா. திங்களிலிருந்து செனுலி வரமாட்டாள், அவளுடைய தகப்பன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோவாராம். “நேரம் சரிவரல சிறி. வேற ஒண்ணும் இல்ல.”

சரி என்றேன். நன்றியும் சொன்னேன். எதற்கு நன்றி?

சாந்தி கேட்டாள், “வருத்தமா?”

“இல்ல.” பிறகு, “ஆமா.”

கௌசியிடம் நேரம் சரிவரவில்லை என்றுதான் முதலில் சொன்னேன். பழக்கம். அரை மணி நேரம் கழித்துப் போய் மாற்றிச் சொன்னேன். நாம தமிழ்னு கேள்விப்பட்டதால இருக்கலாம், எனக்கு நிச்சயமாத் தெரியாது.

“செனுலிக்கு மோட்டார் சைக்கிள்ல தூக்கம் வந்தா?” என்றாள். தினமும் கௌசியின் தோளில் சாய்ந்துதான் தூங்குவாள் அந்தப் பிள்ளை.

பெப்ரவரி 9, திங்கள்

இரவு தூறல் போட்டிருக்கிறது. சருகு நனைந்து இன்னும் மோசம். மெதுவாக ஓட்டினேன், ஐந்து நிமிடம் தாமதம்.

எட்டுப் பிள்ளைகள். கௌசி கடைசி சீட்டில் தனியாக.

தினிதியின் அம்மா சந்தியில் கடை வைத்திருக்கிறார். போத்தலைக் கொடுக்கப் போனேன், ஒரு வாரம் பிந்தி. சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். அக்கா, பிள்ளை சொல்லியிருக்கும்...

“அட சிறி” என்றார், பாண் ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டே. “எங்க எல்லாருக்கும் தெரியுமே. முதல் வருஷத்திலேயே தெரியும். உங்களுக்குச் சொல்ல விருப்பமில்லைனு நாங்க கேக்கல.”

“செனுலியின் அம்மா...”

“அவ கல்யாணம் முடிச்சு வேற ஊர்ல இருந்து வந்தவ. அவளுக்குத் தெரியாது போல.”

பிளேன்டீ தந்தார். குடித்தேன்.

நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. பதினாலு வருடம் நான் ஒளித்ததை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்காகத்தான் பேசாமல் இருந்தார்களா, அவர்களுக்கும் அப்படி வசதியாக இருந்ததா? அந்த அக்கா நல்ல மனுசி. அதுவும் உண்மை. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

பின்னேரம் சாந்தி நாளைக்கு வரவில்லை என்றாள். “பிள்ளைக்கு சங்கடமா இருக்கும்.” கௌசி பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், “வாங்கம்மா” என்றாள். பொட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாந்தியும் கேட்கவில்லை.

பெப்ரவரி 10, செவ்வாய்

வெயில். கூட்டம் பி.ப. 1.30க்கு. சாந்தி கத்தரிப்பூ நிறச் சேலை, பொட்டு.

வாசலில் கௌசி எங்களைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. அம்மாவின் கையையும் பிடிக்கவில்லை, எங்களுக்கு இரண்டடி முன்னால் நடந்தாள். சாந்தி என்னைப் பார்த்து, விடுங்க என்பது போல் கண் காட்டினாள்.

பிள்ளைகள் உட்காரும் சின்னக் கதிரைகள். முழங்கால் இடித்தது. தினிதியின் அம்மா நகர்ந்து சாந்திக்கு இடம் விட்டார். செனுலியின் தகப்பன் முதலாம் வகுப்பு வராந்தாவில் நின்றார், தலையசைத்தேன். அவரும் அசைத்தார், அல்லது வேறு யாருக்கோ.

டீச்சர் ஒரு படிவம் கொடுத்தார். பிள்ளைகள் தாங்களே பென்சிலால் நிரப்பட்டும், அவர்களுக்கும் பயிற்சி என்றார். கௌசி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். சாந்திக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, அதனால் கௌசி ஒவ்வொன்றாக வாசித்து, மிக மெல்லிய குரலில், தமிழில் சொன்னாள். “பேரு கேட்டிருக்கு. வெலாசம் கேட்டிருக்கு.” சாந்தி காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டாள்.

பிறகு கௌசி நின்றுவிட்டாள். எட்டிப் பார்த்தேன். “ஜாதிய” என்று இருந்தது. சிங்களத்தில் அதற்கு இனம் என்று அர்த்தம்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க நினைத்தேன்.

கௌசி எழுதினாள். அழித்தாள். பென்சிலைக் கடித்தாள். பிறகு கையை உயர்த்தினாள். வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, சிங்களத்தில்:

“டீச்சர், தெமள என்று எழுத எந்த ல?”

தெமள என்றால் தமிழ். எல்லாரும் திரும்பினார்கள். டீச்சர் சோக்கை எடுத்துக் கரும்பலகையில் பெரிதாக ஒரு சிங்கள ள எழுதினார்.

கௌசி பார்த்து எழுதினாள். கட்டம் சின்னது, கடைசி எழுத்து வெளியே போய்விட்டது.