ஆடாத பல்லும் வீரபாகு வேஷமும்

பிரமாதீச வருஷம், ஐப்பசி 6, திங்கள்

காலையில் தூறல். தறிக்குழியில் ஈரம், கால் வைத்தால் சில்லென்கிறது. பத்து மணிக்குப் பல் டாக்டர். செட் தயார். மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆடியில் மிச்சப் பல்லெல்லாம் பிடுங்கியதிலிருந்து துண்டால் வாயை மூடிக்கொண்டு திரிந்தது போதும்.

கண்ணாடியில் பார்த்தேன். யாரோ பணக்கார வீட்டுச் சம்பந்தி.

பேசினால் ஆடுகிறது என்றேன். டாக்டர் சிரித்தார். “ஈறு மேல சும்மா உக்காந்துக்கினு இருக்குது, ஆடத்தான் செய்யும்பா. வெளிநாட்டுல தாடை எலும்புலயே திருகாணி முடுக்கி, அது மேல செட்டை மாட்டறாங்களாம். அது ஆடாது. நம்ம பக்கம் இன்னும் வரலை.”

வெளிநாட்டுக்காரன் கெட்டிக்காரன். தறிக்காலைத் தரையில் நடாமல் யாராவது நெய்வானா? எனக்குக் கொடுத்திருப்பது கால் நடாத தறி.

இன்னும் பத்து நாளில் சஷ்டி.

ஐப்பசி 7, செவ்வாய்

ப.செ. (இனி பல் செட்டை இப்படியே எழுதுவது) சோதனை:
இட்லி – சரி.
தோசை – ஓரம் முடியாது.
முறுக்கு – நினைக்கவே வேண்டாம்.
வெற்றிலை – கண்ணில் நீர்.

மாலையில் வசனம் சொல்லிப் பார்த்தேன். சூரசம்ஹாரத்துக்கு எங்கள் தெருவில் பத்தொன்பது வருஷமாக நான்தான் வீரபாகு. முருகனின் தூதனாகப் போய்ச் சூரன் முன்னால் நின்று பேச வேண்டும். “சூரனே! சிறை வைத்த தேவர்களை இன்றே விடு!” இவ்வளவுதான் ஆரம்பம். ‘சூ’ என்றதும் பல்லிடுக்கில் விசில். பக்கத்து வீட்டு நாய் வாலாட்டிக்கொண்டு ஓடி வந்தது. மறுபடி சொன்னேன். மறுபடி வந்தது.

கன்னியம்மா அடுப்படியிலிருந்து, “தேவருங்க வராங்களோ இல்லியோ, நாய் வந்துடுது” என்றாள். கட்டின பெண்டாட்டி.

ஐப்பசி 9, வியாழன். தீபாவளி

எண்ணெய்க் குளியல், புது வேட்டி. மச்சான் ஏகாம்பரம் வந்தான். கன்னியம்மாவின் தம்பி. சூரன் பொம்மைக்குப் பின்னால் நின்று குரல் கொடுப்பவன்.

அதிரசம் கடித்தேன். இழுத்தேன். அதிரசத்தோடு மேல்செட்டும் கைக்கு வந்துவிட்டது. ஏகாம்பரம் பார்த்துவிட்டான். கொஞ்ச நேரம் மரியாதையாகக் கூரையைப் பார்த்தான். பிறகு ஆரம்பித்தான்.

“மாமா, தப்பா நெனைக்காத. பதினாறு வருசமா செத்துக்கினே இருக்கறேன். ஒரு வருசம் நான் வீரபாகுவா நிக்கறேனே. ஒனக்கும் பல்லு இப்டி இருக்குது...”

“எனக்குப் பல்லுக்கு ஒண்ணும் இல்லடா” என்றேன். கையில் அதிரசம். அதில் பல்.

ஐப்பசி 12, ஞாயிறு

ஒத்திகை. நாட்டாண்மைக்காரர் உட்கார்ந்து பார்த்தார். திருவிழா விஷயத்தில் அவர் சொல்வதுதான் முடிவு. “சூரனே!” என்று கையை ஓங்கினேன். ப.செ. துள்ளி அவர் வெற்றிலைத் தட்டில் விழுந்தது. பாக்கோடு பாக்காக. அவர் தேடி எடுத்துக் கொடுத்தார். கோபிக்கவில்லை.

“புதங்கெழம ஒரு தரம் பாக்கலாம்பா. ஆவலன்னா ஏகாம்பரம் வீரபாகு. சூரனுக்கு வேற ஆளு பாத்துக்கலாம்.”

இங்கே எழுதலாம், யார் பார்க்கப்போகிறார்கள். வருஷம் முழுக்கக் குழியில் உட்கார்ந்து குனிந்தே இருக்கிறேன். என்னை யாரும் சத்தம் போடச் சொல்வதில்லை. சஷ்டி அன்று அரை மணி நேரம் நிமிர்ந்து நின்று கத்துகிறேன். அது போய்விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? பயமாக இருக்கிறது.

ஐப்பசி 14, செவ்வாய்

வெயில்! தெருவே பாவு போட்டது. நானும் என் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி அரிசிக் கஞ்சி தடவினேன். நல்ல பசை. ஒரு விரலோடு ஒரு விரல் ஒட்டியது. பட்டு நூலையே விறைக்க வைக்கும் கஞ்சி.

மத்தியானம் ஒரு சொட்டு எடுத்து மேல்செட்டின் உள்பக்கம் தடவிப் போட்டேன். ஆடவில்லை! பன்னிரண்டு முறை “சூரனே” சொன்னேன். நாய் பன்னிரண்டு முறையும் வந்தது. அது வேறு பிரச்சினை.

ஐப்பசி 15, புதன்

நா.கா. (நாட்டாண்மைக்காரர்) முன் பாஸ். ப.செ. அசையவில்லை. ஏகாம்பரம் முகம் தொங்கிப்போயிற்று. நாயைக் கட்டிப்போடச் சொல்லியாயிற்று.

ஐப்பசி 16, வியாழன். சஷ்டி

நடந்ததை நடந்தபடி.

ஒரு சொட்டுக்கே அப்படி என்றால் என்று நினைத்துக் கெட்டிக் கஞ்சியாக மேலும் கீழும் தாராளமாக அப்பினேன். காலையிலேயே. விரத நாள், பச்சைத் தண்ணீர் கிடையாது. வாய் காய்ந்து கிடந்தது. சஷ்டி மௌனம் என்று சொல்லி வாயைத் திறக்காமலே இருந்தேன். பாவு காய்வதை நாற்பது வருஷமாகப் பார்க்கிறவன், என் வாய்க்குள் அதுவே நடக்கிறது என்று தோன்றவில்லையே!

சாயங்காலம் நல்ல கூட்டம். கிரீடம், வாள். சூரன் முன்னால் போய் நின்றேன். வாய் திறக்கவில்லை. மேலும் கீழும் ஒன்றாக ஒட்டிவிட்டது. “ம்ம்ம்” மட்டும் வந்தது.

பொம்மைக்குப் பின்னாலிருந்து ஏகாம்பரம் மெல்ல, “பேசு மாமா, எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க” என்றான். நெம்பினேன். இரண்டும் ஒரே கட்டியாகக் கையில் வந்தது. அவன் அப்போதே வாளை வாங்கிக்கொண்டிருக்கலாம். வாங்கவில்லை. சூரன் குரலில் இடி மாதிரி சிரித்தான். “தூதனே! என் கோட்டை வாசலிலேயே உன் பல் கழன்றுவிட்டதா!”

கூட்டம் சிரித்தது. எனக்கு ரோஷம். வெறும் ஈறோடு கத்தினேன். பாதி எழுத்து காற்றாகப் போயிற்று. அடுத்த வரி பெண்கள் பக்கத்திலிருந்து கணீரென்று வந்தது. “சிறை வைத்த தேவர்களை இன்றே விடு!” கன்னியம்மா. பத்தொன்பது வருஷமாக நான் தறியில் சொல்லச் சொல்ல, எதிரில் நூல் சுற்றிக்கொண்டே கேட்டவள். ஒரு சொல் பிசகவில்லை. நான் வாளை ஓங்கினேன், அவள் பேசினாள். கடைசி வரியில் தெருவே சேர்ந்துகொண்டது. அழுகை வந்துவிட்டது. வேர்வை என்று துடைத்தேன்.

ஏகாம்பரம் வழக்கம்போல் செத்தான்.

ஐப்பசி 17, வெள்ளி

மழை. ப.செ. காலையிலிருந்து வெந்நீரில். இன்னும் பிரியவில்லை. டாக்டரிடம் அந்தத் திருகாணி விஷயம் மறுபடி கேட்க வேண்டும்.

நா.கா. வந்தார். அடுத்த வருஷமும் நானே வீரபாகுவாம். “ஆனா வசனம் கன்னியம்மாதான் சொல்லணும்பா. ஊருக்கு நேத்துதான் முழுசா புரிஞ்சிது.”

அவர் போனதும் கன்னியம்மா கேட்டாள்: “அப்ப கிரீடம் யாருக்கு?”

பல் ஊறுகிறது, பேச முடியாது என்று ஜாடை காட்டினேன்.