இனாம் அட்டையும் சொந்தப் பிளாஸ்க்கும்

ஹெல்விக்கா,
ஏப்ரல் 2.

அன்புள்ள தம்பி ஐவிந்துக்கு,

அக்கா சிக்னே எழுதுவது. சிலி நாட்டுக் கடலில் உன் மீன் பண்ணை எந்திரங்களோடு நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் செய்தால் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கடிதத்தையாவது பிரித்துப் படிப்பாய் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. பிப்ரவரிப் புயலில் உன் படகுக் கொட்டகையின் கூரை பாதி பறந்துவிட்டது. தார்ப்பாய் போட்டுக் கட்டியிருக்கிறேன். என் கடைச் சரக்குதான், பில் போட்டு வைத்திருக்கிறேன், வந்ததும் கொடுத்துவிடு. என் முழங்கால் வலி பரவாயில்லை.

இனி நம் கால்பந்துச் சங்கத்துக் கதைக்கு வருகிறேன். ஜனவரியில் ராஜினாமாவை எழுதி வைத்துவிட்டு விமானம் ஏறினாயே, அந்தத் தலைவர் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பது நான். வேறு யாரும் உட்கார முன்வரவில்லை. நான் எந்தக் காலத்தில் கால்பந்து பார்த்தேன்? ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. பெயிண்டும் வீட்டுச் சாமானும் விற்றுக் கடை நடத்துகிறவளுக்கு வரவு செலவு தெரியும் என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஐவிந்த், நீ செய்து வைத்த காரியத்தை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. போன வருடம் சீசன் அட்டை விற்கவில்லை என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "இந்த வருஷம் நாம மேல் டிவிஷனுக்குப் போயிட்டோம்னா, அட்டை வாங்குன அத்தனை பேருக்கும் அடுத்த வருஷம் இனாம்" என்று சொன்னாய். வாயால் சொன்னது போதாதா? அட்டையின் பின்பக்கம் அச்சடித்தும் கொடுத்தாய். அதற்கு முந்தின வருடம் கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்த அணி அது. ஊரே கேலியாகச் சிரித்துக்கொண்டு தொள்ளாயிரம் அட்டை வாங்கியது. அப்புறம் அந்தப் பாவிகள் ஜெயித்துத் தொலைத்தார்கள்.

மேலே ஏறிய பிறகுதான் செலவு என்றால் என்னவென்று தெரிகிறது. வடக்கே ஆடப் போனால் விமானம். விளக்குக் கம்பங்கள் புதிதாக வேண்டும். திடலுக்கு அடியில் சூடேற்றும் குழாய் போட வேண்டும். பயிற்சியாளருக்கு முழுநேரச் சம்பளம். தொலைக்காட்சிப் பணம் வரும், ஆனால் ஆகஸ்டில்தான் வரும். அதுவரை வாசல் வசூலில்தான் வண்டி ஓட வேண்டும். வாசலில்தான் எல்லோரும் இனாமாயிற்றே! ஜூனில் கால்பந்துக் கூட்டமைப்பிலிருந்து கணக்குப் பார்க்க வருவார்கள். கணக்குக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறி போடுவார்களாம், சிவப்பு என்று போட்டுவிட்டால் உரிமம் போய்விடும். திடலில் ஜெயித்ததைக் காகிதத்தில் தோற்றுவிட்டுக் கீழே இறங்க வேண்டியதுதான். அப்படி ஒன்று நடந்தால் நீ இந்த ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாய். எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருக்கிறது. சங்கமெல்லாம் அப்புறம்.

போன வாரம் கூட்டம் போட்டோம். இனாம் அறிவிப்பை ரத்து செய்துவிடலாம், நிலைமையைச் சொன்னால் ஊர் புரிந்துகொள்ளும் என்று நான்தான் பேசினேன். உடனே படகுப் பட்டறை ஹால்வோர் எழுந்தார். ஆணியைக்கூட நிமிர்த்தி மறுபடி அடிக்கிற மனுஷன், உனக்குத் தெரியாதா? "ஐவிந்த் சொன்னான்னு நான் வாங்கல. சங்கம் சொல்லுச்சு, வாங்குனேன். அச்சடிச்சுக் குடுத்துட்டு இப்ப இல்லேன்னா எப்பிடி? எனக்கு என் இனாம் சீட்டு வேணும்" என்றார். எல்லோரும் அவர் பக்கம் தலையாட்டினார்கள். எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அப்புறம் இனாம் உண்டு என்ற தீர்மானத்தில் கையெழுத்துப் போடத் திரும்பிப் போனேன்.

ஞாயிறன்று முதல் ஆட்டம். அங்கே இனிமேல் குளிர் தொடங்கும் என்கிறார்கள், உள்ளே கம்பளி போட்டுக்கொள். கடவுள் உன்னோடு இருக்கட்டும். என்னோடும் கொஞ்சம் இருந்தால் நல்லது.

உன் அக்கா,
சிக்னே.


ஹெல்விக்கா,
நவம்பர் 20.

அன்புள்ள தம்பிக்கு,

பயப்படாமல் படி, நல்ல செய்திதான். ஏப்ரலுக்குப் பிறகு நான் எழுதவில்லை என்பதற்காகக் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபமும் இருந்தது, அதைவிட வேலை அதிகமாக இருந்தது. இந்த ஏழு மாதத்தில் நான் கரைத்த வாஃபிள் மாவைக் கடலில் கொட்டினால் நம் துறைமுகம் தூர்ந்துபோகும்.

ஆட்ட முடிவுகளை நீ செல்போனில் பார்த்திருப்பாய். பார்க்காமல் உன்னால் இருக்க முடியாது. பதினோராம் இடம். தப்பித்தோம், அடுத்த வருடமும் மேலேதான் ஆடுகிறோம். ஆனால் பணம் எப்படித் தப்பித்தது என்று செல்போன் உனக்குச் சொல்லியிருக்காது. அதை நான் சொல்கிறேன்.

முதல் ஆட்டத்துக்கு முந்நூறு பேர் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். போன வருடம் அவ்வளவுதான் வந்தார்கள், மிச்சப் பேரின் அட்டைகள் அவரவர் வீட்டு இழுப்பறையில் கிடந்தன. ஆனால் இந்த முறை இனாமாயிற்றே, இனாமாகக் கிடைத்ததை வீணாக்க நம் ஆட்களுக்கு மனது வருமா? தொள்ளாயிரம் பேரும் வந்தார்கள். பந்தையே வெறுக்கிற பாதிரியார்கூட வந்தார். எல்லோர் தோளிலும் வழக்கம்போலப் பை, பைக்குள் காப்பிப் பிளாஸ்க், எண்ணெய்க் காகிதத்தில் மடித்த ரொட்டியும் பாலாடைக்கட்டியும். வாசலிலும் காசு வராது, கடையிலும் காசு வராது. கல்யாணத்துக்குப் போனாலும் காரில் ஒரு பிளாஸ்க் வைத்துக்கொள்கிற ஊர் இது. மாரித் இத்தனை வருடமாகத் திடலில் வாஃபிள் சுட்டு விற்றதெல்லாம் வெளியூர்க்காரர்களுக்குத்தான்.

வாசலில் முதல் ஆளாக ஹால்வோர் நின்றார். கக்கத்தில் அந்தச் சிவப்புப் பிளாஸ்க். மாரித் கடை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்ன ஹால்வோர் அண்ணே, சீட்டும் இனாம், காப்பியும் வீட்லேருந்தா? உக்கார எடமாச்சும் எங்களுது வேணுமா, இல்ல ஸ்டூலும் கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள், அவள் வாய் உனக்குத் தெரியும். வரிசை முழுக்கச் சிரித்தது. மனுஷன் முகம் பிளாஸ்க்கை விடச் சிவந்துவிட்டது. திரும்பிக் காருக்குப் போனார். வீட்டுக்கே போகிறார், இனி பெரிய சண்டைதான் என்று நினைத்தேன். பிளாஸ்க்கை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, "மாரித், மூணு வாஃபிள், ரெண்டு காப்பி. சில்லறை வேணாம்" என்றார். சில்லறை வேண்டாம் என்று ஹால்வோர் சொன்னதை என் காதால் கேட்டேன் ஐவிந்த்!

அவ்வளவுதான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் பையைத் திறக்கவே இல்லை. அடுத்த ஆட்டத்தில் பிளாஸ்க் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இனாமாக வந்து உட்கார்ந்துகொண்டு சொந்தக் காப்பியும் குடித்தான் என்று பேர் வாங்க யாருக்கும் துணிச்சலில்லை. ஒருவர் இரண்டு வாங்கினால் பக்கத்தில் இருப்பவர் மூன்று வாங்குகிறார். அட்டைக்குக் கொடுத்திருக்க வேண்டிய பணத்தில் முக்கால்வாசிக்கு மேல் தின்றே தீர்த்துவிட்டார்கள். நம் டாக்டர் கடைக்கு வந்து, "ஊர்ல அத்தன பேருக்கும் கொழுப்பு ஏறுது சிக்னே. மேட்சக் கொஞ்சம் கொறைக்க முடியாதா?" என்று கேட்டார். அவர் வாயிலும் சர்க்கரை ஒட்டியிருந்தது.

மாரித்தின் ஒரு அடுப்பு போதவில்லை என்று என் கடையிலிருந்து வாஃபிள் சுடும் ஆறு மின்சார அச்சுகள் கொண்டுபோய் வைத்தேன். தலைநகரத்து அணி வந்த அன்று ஆறையும் ஒரே நேரத்தில் போட்டதில் ஃபியூஸ் போய், ஸ்கோர் பலகை அணைந்துவிட்டது. அப்போது நாம் மூன்று கோல் பின்தங்கியிருந்தோம், அதனால் நம் ஆட்கள் யாரும் குறை சொல்லவில்லை.

எல்லாம் வாஃபிளால் நடந்தது என்று சொல்ல மாட்டேன். மே மாதம் சம்பளத்துக்குப் பணம் போதாமல் பயிற்சியாளரிடம் பத்து நாள் தவணை கேட்டேன். டென்மார்க்காரர் ஆனாலும் நல்ல மனுஷன், கொடுத்தார். வடக்கே இரண்டு ஆட்டத்துக்குப் பையன்கள் விமானம் வேண்டாம் என்று பஸ்ஸிலேயே போய் முதுகு வலியோடு தோற்று வந்தார்கள். ஆனால் நிறைந்த திடலைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு மீன் தீவனக் கம்பெனிக்காரர்கள் தாங்களாகவே வந்து விளம்பரப் பலகைக்கு இடம் கேட்டார்கள். காலித் திடலுக்கு அவர்கள் வந்திருப்பார்களா? நீ அன்று அச்சடித்துக் கொடுத்த அசட்டுத்தனத்தால்தான் திடல் நிறைந்தது. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் உண்மை.

ஜூனில் கணக்குப் பார்க்க ஒரு பெண் வந்தாள். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "வாஃபிள் வரவுல ஒரு சைபர் கூடுதலா விழுந்திருக்கா?" என்றாள். "விழல, நீங்க ஒண்ணு சாப்ட்டுப் பாருங்க" என்றேன். இனாமாக எதுவும் வாங்கக் கூடாது என்று காசு கொடுத்து வாங்கித் தின்றாள். மஞ்சள் போட்டுவிட்டுப் போனாள். சிவப்பு இல்லை என்றதும் என் முழங்கால் வலிகூட ஒரு வாரத்துக்கு விட்டிருந்தது. ஆகஸ்டில் தொலைக்காட்சிப் பணம் வந்து சேர்ந்தது. போன திங்கட்கிழமை கடைசித் தீர்ப்பும் வந்துவிட்டது: பச்சை. கடைக் கதவைச் சாத்திவிட்டுப் பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து அழுதேன். பிறகு என் கண்ணைப் பார்த்த மாரித், சங்கத்துக்காக அழுதேன் என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வருடத்து அட்டைக்கு முழு விலை என்று அறிவித்தாயிற்று. ஹால்வோர் வந்து விசாரித்தார். "ஆமாம், முழு விலைதான்" என்றேன். யோசித்துவிட்டு, "அப்ப இனிமே பிளாஸ்க் கொண்டாரலாம்ல?" என்றார். கூடாது என்று விதி போட வேண்டும் போலிருக்கிறது. அந்தத் தலைவலி எனக்கு இனி எதற்கு? மார்ச் கூட்டத்தோடு நான் இறங்கிக்கொள்கிறேன், என் கடையைப் பார்க்க வேண்டும்.

இப்போது உன் விஷயம். உன் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது என்று எனக்குத் தெரியும். நீட்டித்துவிடுவாயோ என்று ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டிருக்கிறேன். இந்த வருடம் முழுக்க உன் பேரை யாரும் என்னிடம் எடுக்கவில்லை. நல்லதாகவும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்கள் வானிலையைப் பேசுவார்கள், பையன்களின் ஆட்டத்தைப் பேசுவார்கள், உன் பக்கம் மட்டும் பேச்சே வராது. யாராவது திட்டியிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அப்படி உன் பேரையே எடுக்காமல் விட்டது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

நேற்று மாலை ஹால்வோர் பெயிண்ட் வாங்க வந்தார். டப்பாவை விலை பேசி, பத்து குரோனர் குறைக்க வைத்து, கதவு வரை போனவர் அங்கேயே நின்று, "பிப்ரவரில திடல்ல பனி அள்ளணும். எங்க தெருவுல ஒரு ஆள் கொறையுது. ஒன் தம்பி எப்ப வரான்?" என்று கேட்டார். பில் புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்தேன். "அவன் வராட்டி அவன் பங்கையும் நான்தான் அள்ளணும். எனக்கென்ன வயசு கொறையுதா? வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, கதவை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டார். நாளைக்கே சாகப் போகிறவனைத் தவிர எல்லோரும் பனி அள்ள வர வேண்டும் என்று இந்த ஊரில் எதிர்பார்ப்பார்கள். உன்னையும் எதிர்பார்க்கிறார்கள் தம்பி. இதற்கு மேல் நம் ஆட்களுக்குப் பேசத் தெரியாது, நீயும் அவர்களில் ஒருவன்தானே, உனக்குப் புரியும்.

உன் வீட்டில் வாரம் ஒரு நாள் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறேன், குழாய் உறையவில்லை. கொட்டகைக்குப் புதுக் கூரை போட இரண்டு பேர் வேண்டும், ஒருத்தி நான் இருக்கிறேன். கடல் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

நேற்று ஹால்வோர் பின்னாலேயே தெருவுக்கு ஓடி, பிப்ரவரிக்கு முன்னால் என் தம்பி வந்துவிடுவான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். தெருவில் நாலு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள் ஐவிந்த். உன் அக்காவைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

என்றும் உன் அக்கா,
சிக்னே.