சேர்க்காமல் விட்ட வளைவுகள்

மச்சான்,

இன்று காலை குளிக்கப் போனால் ஷவரில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. தலை நிறையச் சோப்புடன் நின்றபடி உன்னைத் திட்டினேன். செத்து ஒரு மாதமே ஆனவனைத் திட்டக்கூடாதுதான். ஆத்திரம் அடங்கவில்லை.

தொண்ணூற்று மூன்றில் நாமிருவரும் ஒரே அலுவலகத்தில் குழாய்த் திட்டங்கள் வரைந்துகொண்டிருந்தோம். பக்குரங்கா என்ற புறநகரில் கட்டிய முதியோர் இல்லத்தின் தண்ணீர்க் குழாய் நம் இருவர் பொறுப்பு; கணக்கு என் பங்கு. குழாய்ச் சுவரில் உரசிப் போகும் தண்ணீர் எவ்வளவு அழுத்தத்தை இழக்கும் என்று கணக்கிட வேண்டும். அவசரத்தில் நேர்க்குழாயின் நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். நீ என் தாளை ஒருமுறைதான் பார்த்தாய்.

"வளைவு, வால்வு ஒண்டையும் சேர்க்கேல்லையே. ஒவ்வொண்டும் சில மீற்றர் குழாய்க்குச் சமன். மேல்மாடிக்குத் தண்ணி ஒழுங்கா ஏறாதடா."

"வரைபடம் கட்டிடம் கட்டுறவங்களிட்டைப் போயிட்டுது. பேசாமல் இரு" என்றேன்.

இல்லம் திறந்த வாரமே மேல்மாடி முதியவர்கள் குளிக்க வழியில்லாமல் நின்றார்கள். சுவரை உடைத்துப் பெரிய குழாய் போட வேண்டியதாயிற்று. யார் போட்ட கணக்கு என்று முதலாளி கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் "நான்தான்" என்றாய். வெளியே வந்து உன் சட்டையைப் பிடித்தேன்.

"உன்ரை விசா இந்த வேலையை நம்பித்தான் இருக்கு. எனக்கு இங்கை நிரந்தரமா இருக்கப் பி.ஆர். இருக்கு. வேற வேலை எடுப்பன்" என்றாய்.

எங்கே எடுத்தாய்? போன இடமெல்லாம் பழைய அலுவலகத்தில் விசாரித்து, கணக்கைப் பிழையாகப் போட்டவன் என்று கைவிரித்தார்கள். ஐந்து வருடம் பெட்ரோல் நிலையத்தில் நின்றாய். ஒரு தடவையாவது என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம். நீயோ தீபாவளிக்கு முறுக்கோடு வந்து என் பிள்ளைகளைக் கொஞ்சிவிட்டுப் போனாய். யாரடா உன்னை இவ்வளவு நல்லவனாக இருக்கச் சொன்னது?

நேற்று உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. உன் மனைவி எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "படிச்ச மனுசன் அண்ணை. அந்த ஒரு கணக்கைப் பிழையாப் போட்டு எல்லாத்தையும் கெடுத்திட்டார். கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்."

அவரிடமும் சொல்லாமலா போனாய்? உன் வீட்டிலேயே கவனமில்லாதவன் என்ற பெயரோடு இருந்தாயா?

அன்று விசாவுக்குப் பயந்துதான் பேசாமல் இருந்தேன் என்று இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்குக் குடியுரிமை கிடைத்து இருபது வருடம் ஆகிறது. நேற்றும் நான் வாய் திறந்தது சோற்றுக்குத்தான்.