அடிச்சானா என்று மட்டும் கேட்டேன், அக்கா

என் உயிரான பத்மா அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி ஆறு வருஷமாகிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நீ தூக்கி வளர்த்த என் மகள் கவிதாவிடம் பேச முடியவில்லை. மூன்று நாளாக ஆனேக்கலில் அவள் புகுந்த வீட்டுக்குப் போன் போடுகிறேன். எப்போது போட்டாலும் மாமியார்க்காரி கன்னடத்தில் "மலகிதாளெ" என்கிறாள். தூங்குகிறாளாம். காலை பதினோரு மணிக்கு என்ன தூக்கம் அது?

அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். மாப்பிள்ளை கன்னடக்காரர், ஆபீசில் பழகிப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டாள். மனுஷனுக்குக் குரலே உயராது. "அவங்க சாதுவான ஜனங்க, நம்மாளுங்க மாதிரி கை நீட்டமாட்டாங்க" என்று நம் அல்சூர் முழுக்கப் பெருமையடித்தேன். மடச்சி நான்.

உன் வீட்டுக்காரர் அடித்தால் தெருவுக்கே கேட்கும். நீ முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வருவாய், நான் மஞ்சள் பத்துப் போடுவேன். எனக்குத் தெரிந்த கொடுமை அது ஒன்றுதான்.

போன மாசம் கவிதா வந்தாள். "இருபது நாளா அந்த வீட்ல யாரும் எங்கூடப் பேசலம்மா. போன் டயலுக்குப் பூட்டு போட்டுட்டாங்க. ஏன்னு கேட்டா அவரு சிரிக்கிறாரு."

"அடிச்சானா?"

"இல்ல."

"அப்புறம் என்னடி? குடுத்து வச்சவ நீ."

ஆனாலும் நம்பாமல் கையைத் திருப்பிப் பார்த்தேன், முதுகைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. எனக்கு நிம்மதியாகிவிட்டது, அக்கா! பிறந்த வீட்டிலிருந்து கிளம்பும் பெண்ணின் மடியில் அரிசியும் வெல்லமும் தேங்காயும் வைப்பார்களே, அந்த மடிலக்கியை அவர்கள் வழக்கப்படி குறையில்லாமல் வைத்து அனுப்பினேன். முந்தானையைப் பிடித்தபடி அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அரிசி கனக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று எதிர்வீட்டு ஸ்டெல்லாவிடம் புலம்பினேன்.

"அடிச்சாதான் அடியா மல்லிகா? எங்க வீட்டுக்காரரு ரவிக்கை மூடுற எடமாப் பாத்துக் கிள்ளுவாரு. ஞாயித்துக்கெழம சர்ச்சுல நாங்கதான் நல்ல குடும்பம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தினுசு. உங்கக்கா வீட்டுச் சத்தம் மட்டுந்தான் உனக்குத் தெரியும்."

இருபது வருஷ எதிர்வீடு. எனக்குத் தெரியவே தெரியாது.

இன்று காலை மாமியார் "மலகிதாளெ" என்றபோது, பின்னால் "அம்மா" என்று ஒரு குரல் கேட்டது. உடனே போனை வைத்துவிட்டாள். கவிதாதானா? இல்லை, என் பயம்தான் அப்படிக் கூப்பிட்டதா?

புடவை மாற்றிவிட்டேன். மார்க்கெட்டில் ஆனேக்கல் பஸ் பிடிக்க வேண்டும். ஸ்டெல்லாவும் வருகிறேன் என்றாள். கதவைத் திறக்காவிட்டால் ஊர் கூடும்வரை கத்துவேன். திறந்தால் கவிதாவை ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன், "கெளம்பு" என்று மட்டும் சொல்வேன். உனக்காக நான் கிளம்பி வந்தது ஆஸ்பத்திரிக்குத்தான், அக்கா. இவளுக்காக அந்த வாசலுக்கே போகிறேன். சத்தியம்.

ஒவ்வொரு முறையும் பத்துப் போட்டு உன்னை அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பிய தங்கை,
மல்லிகா