உடைய வேண்டிய இடம்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பியே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் என்னம்மா குரல் இப்படி இருக்கு என்று நீ கேட்டபோது ஜலதோஷம் என்றேன். கழுத்தில் கட்டி எடுத்ததையும், பயப்படும்படி ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதையும், அன்றிலிருந்து பாடும்போது மேலே போனால் குரல் உடைவதையும், பாட்டு டீச்சர் வேலையை விட்டுவிடலாமென்று நான் இருந்ததையும் சொல்லவில்லை. சொன்னால் புது வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவாய். கோபித்துக்கொள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள், எனக்கு இப்போது தலைகால் புரியாத சந்தோஷம்.

உன் வகுப்பில் எலி மாதிரிப் பாடுவாளே கீச்சி, அவள் இப்போது பழைய படங்களைச் சீர்செய்யும் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு பார்க்கிறாள். நாம் இருவரும் டிவியில் பார்த்து அழுத அந்த நாடக நடிகையின் வாழ்க்கைப் படம் அவள் கைக்கு வந்திருக்கிறது. வயதான பிறகு காலி அரங்கில் தன் முதல் பாட்டைப் பாடிப் பார்ப்பாள், உச்சியில் குரல் உடையும், சிரித்துவிட்டு மறுபடி தொடங்குவாள் இல்லையா, அந்த இடத்தில் மட்டும் ஒலி பாழாகிவிட்டதாம். அதைத் திரும்பப் பாட வந்த பாடகிகள் எல்லாரும் குரல் உடைவதைக்கூட அழகாகப் பாடுகிறார்கள் என்று வீட்டுக்கு வந்து புலம்பினாள். பிறகு தயங்கித் தயங்கி, டீச்சர் தப்பா எடுத்துக்காதீங்க, உங்க குரல்தான் வேணும், இப்போ இருக்கிற குரல் என்றாள். அப்பாவுக்கு வந்ததே கோபம்! ஏம்மா, நல்லா இருந்தப்போ கூப்பிடத் தெரியல, கெட்டுப்போன பிறகு வர்றியா என்று எகிறினார். எனக்கோ சிரிப்பு. வர்றேன்டி என்றேன்.

ஸ்டூடியோவுக்கு அப்பாவும் கூடவே வந்தார். சின்ன இருட்டு அறை, காதில் ஹெட்போன், திரையில் அந்த நடிகையின் வாய். அவள் மூச்சு வாங்கும்போது நானும் வாங்க வேண்டும். உச்சிக்குப் போனேன், கேளடி, உடையவே இல்லை! பழைய குரல், அப்படியே! நான் கண்ணைத் துடைக்கிறேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கீச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள். பிரமாதம் டீச்சர், ஆனா இது ஆகாது என்றாள். அதெல்லாம் ஆகும், இதையே வை என்று அப்பா அவளோடு சண்டை. மறுபடி பாடினேன், உடைந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரையிலும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கீச்சி எழுந்து நின்று கைதட்டினாள். பதிவைப் போட்டுக் கேட்டேன், இத்தனை நாள் நான் பயந்த மாதிரி அசிங்கமாக இல்லை. வேலையை விடப்போவதில்லை என்று வாசலிலேயே அப்பாவிடம் சொல்லிவிட்டேன், பிள்ளைகள் முன்னால் எப்படிப் பாடுவேன் என்றுதான் தெரியவில்லை.

கண் விழித்து வேலை பார்க்காதே, குளிரில் கழுத்தை மூடிக்கொள். போனில் அப்பாவிடம் ஸ்டூடியோ பேச்சை எடுக்காதே, அவர் சண்டை இன்னும் முடியவில்லை. எங்கள் ஆசி என்றும் உன்னோடு.

உன் அம்மா

பி.கு. தபாலில் சேர்க்குமுன் இதையும் எழுதிவிடுகிறேன். இன்று வகுப்புக்குப் போனேன். புதுப் பாட்டைப் பாடிக் காட்டினேன், மேலே உடைந்தது. பிள்ளைகள் எல்லாரும் அந்த இடத்தில் அதேபோல் உடைத்துப் பாடினார்கள்.