படத்துக்கு ஒரு நடவு

புரட்டாசி 14, செவ்வாய்

ஆத்திரம் அடங்கவில்லை.

நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் சங்கத்துப் பெண்கள் முதல்முறையாகத் தங்கள் பேரிலேயே குத்தகைக்குப் பிடித்த வயல் அது. நட்டு நான்கு நாள்தான் ஆகிறது. அடுத்த வருஷமும் நிதி தரலாமா என்று பார்க்க இன்று சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு, பெண்கள் வரப்பில் நின்றால் போதாதாம். குனிந்து நடுகிற மாதிரி புகைப்படம் வேண்டுமாம்.

"ஒரு மூலைல பிடுங்கிட்டு மறுபடி நடச் சொல்லும்மா செல்வி. அஞ்சு நிமிஷம்தானே?" என்றார் என்னிடம், எங்கள் தொண்டு நிறுவன இயக்குநர். இன்னும் வேர்கூடப் பிடிக்காத பயிரை!

சங்கத் தலைவி அஞ்சலையக்கா வரப்பை விட்டு அசையவில்லை. "இது எங்க வயலுன்னு நீதானே சொன்ன செல்வி? எறங்குன்னா எறங்கி, குனின்னா குனிய, பண்ணையார் வயலே போதுமே" என்றார். வந்தவர்களில் ஒருவர், "நல்லாப் பேசறாங்க" என்று சிரித்தபடி அதையும் குறித்துக்கொண்டார்.

படத்துக்குக் கீழே போட வேண்டிய வரியையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்: 'தாங்களே முடிவெடுக்கும் பெண்கள்.' என் கையால் அதை எழுத மாட்டேன். இயக்குநரைத் திட்டி இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

திட்டி என்ன? யாருமே இறங்காதபோது, நிதி போய்விடுமே என்று சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி, முதல் பிடியைப் பிடுங்கியவள் நான்தான். அக்கா பின்னாலேயே இறங்கி, நான் பிடுங்கிப் போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக மறுபடி ஊன்றினார்.

அதைத்தான் படம் எடுத்தார்கள்.