பழி சுமந்த மூடி

பிளம் ஹாலோ, அயோவா
ஜனவரி 6, புதன்

அன்பு மகன் எமெட்டுக்கு அம்மா எழுதுவது. நானும் நாய் பிப்பும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நியூசிலாந்தில் நீயும் நீ கறக்கும் மாடுகளும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன்.

நேற்று மாலை வெளிச்சம் மங்குவதற்குச் சற்று முன் குழலில் மருந்து திணித்துச் சுடும் உன் துப்பாக்கி முதல் அடியிலேயே வெடித்தது. சுட்டவர் பக்கத்துப் பண்ணை ஓரின், அவரே வந்து சொன்னார், சத்தத்தை நானும் சமையலறையில் நின்று கேட்டேன், அதனால் இதில் சந்தேகம் இல்லை. ஓடைக்கரையில் ஒரு பெட்டை மான், நின்ற இடத்திலேயே விழுந்ததாம். ஆனால் நான் எழுத வந்த செய்தி மான் அல்ல. குழலின் பின்புறத்தில் நான் திருகிக் கொடுத்திருந்தது போன வருடம் லேத்தில் கடைந்த புது மூடி இல்லை, போன சீசனில் உன் கையில் இருந்தபோது தீப்பிடிக்கவில்லை என்று எல்லோரும் பழி சொன்னார்களே, அந்தப் பழைய மூடி. மாற்றிப் போட்டிருப்பதை ஓரினிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் வரிசையாக எழுதினால்தான் எனக்குத் தெளிவு வரும், பொறுத்துக்கொள். போன சீசனின் கடைசி மாலை நீ ஓடைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அகலக் கொம்புக்காரன், அந்தக் கிடா மான், உனக்கு நேரே வந்து நின்றான். நீ துப்பாக்கியைத் தூக்கியதைப் பார்த்தேன், வெகுநேரம் தூக்கியபடி இருந்தாய், சத்தம் வரவில்லை, அவன் தலையை ஆட்டிவிட்டு நடந்து போய்விட்டான். நீ பனியில் இறங்கி வந்து, “அம்மா, கேப்பு ணங்குனு அடிச்சுது, மருந்து பத்தவே இல்ல. கோவத்துல கேப்ப எங்கயோ வீசிட்டேன்” என்றாய். ஊசி அடித்ததும் தீ கொடுக்கும் கேப்பு வெடித்தும் மருந்து பற்றவில்லை என்று ஓரினின் டிராக்டர் கொட்டகையிலும் நீ சொன்னதை, அங்கே மான் உரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். நம் வேட்டை வழக்கப்படி சுட்டுக் குறி தவறினவனின் சட்டை வாலை வெட்டி ஆணியில் மாட்டுவார்கள், ஆனால் துப்பாக்கி வெடிக்காததற்குச் சுட்டவனை என்ன செய்வது. ஓரின் கத்தரிக்கோலோடு என் பக்கம் திரும்பி, “மூடியில ஓட்டை போட்டு மரை வெட்டுனது யாரு? திரும்பும்மா லியோட்டா, சட்டைய வெளிய எடு” என்றார். என் நீலக் கம்பளிச் சட்டையின் வால் அன்று முதல் அங்கே ஆணியில் தொங்குகிறது, என் பெயரும் வருடமும் எழுதி. நீ மட்டும் அன்று சிரிக்கவில்லை.

நீ பிப்ரவரியில் கிளம்பிப் போனாய், நான் மூடியைப் பிடித்துக்கொண்டேன். அன்று இரவு கோலால் பின்னாலிருந்து தள்ளி எடுத்த மருந்து காய்ந்து சுத்தமாகத்தான் இருந்தது, அது முதல் நாளே எனக்கு விளங்கவில்லை. மரைக்குப் போட்ட கிரீஸ் நெருப்புத் துளைக்குள் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன், இறங்கவில்லை. உள்ளே கரி கட்டியிருக்கும் என்று மெல்லிய டிரில் பிட்டை விரலால் உருட்டிச் சுரண்டினேன், சிட்டிகைக் கரி வந்தது, வழியை அடைக்கிற அளவுக்கு இல்லை. துளை தேய்ந்து அகலமாகியிருக்கும் என்று, நான் மரை வெட்டிப் பொருத்தியிருந்த சின்னத் துளைத் திருகைக் கழற்றிப் புதிதாக ஒன்று போட்டேன். கேப்புக்கும் மூடிக்கும் நடுவில் இடைவெளி விழுந்து நெருப்பு பின்னால் கசிகிறதோ என்று பித்தளை வாஷர் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் மருந்து போடாமல் கேப்பு மட்டும் வைத்து, குழல் வாயைக் காய்ந்த புல்லுக்குப் பக்கத்தில் காட்டி அடித்தேன், ஒவ்வொரு தடவையும் புல் துள்ளியது, அதாவது நெருப்பு தடையில்லாமல் போகிறது. கடைசியில் குளிர்தான் காரணம் என்று முடிவுகட்டி மூடியை ஃப்ரீசரில் வைத்து எடுத்து அடித்துப் பார்த்தேன். அது ஊர் முழுக்கப் பரவி, “பட்டாணிக்குப் பக்கத்துல படுக்க வச்சிருக்கியாமே, ஜலதோஷம் பிடிச்சுதா அதுக்கு?” என்று ஓரின் தீவனக் கடை வாசலில் வைத்துக் கேட்டார். அப்போதும் புல் துள்ளத்தான் செய்தது. அதன் பிறகுதான் பட்டறை முதலாளியிடம் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை லேத்தில் நின்று முழு மூடியையே புதிதாகக் கடைந்தேன். ஆகஸ்டில் நீ போன் பண்ணியபோது வாஷர் விஷயத்தை விவரமாகச் சொன்னேன், நீ “அத விட்டுரும்மா” என்றாய். என் கைவேலைமேல் உனக்கு நம்பிக்கை போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன், அந்த வாரம் முழுக்க அது வலித்தது.

இந்த டிசம்பரில் என் கோட்டின் ஜிப் போய்விட்டது. நிலவறைக் கொக்கியில் நீ விட்டுப்போன பழுப்புக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன், தோள் பெரிது, வெதுவெதுப்பாக இருக்கிறது. உள்பையில் கையை விட்டபோது கேப்பு ஒன்று அகப்பட்டது. உபரியாக வைத்திருந்ததாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அன்று காலை நான் நிரப்பி உன் கழுத்தில் மாட்டிய கேப்புப் பட்டை அதே கொக்கியில்தான் தொங்குகிறது, அதில் ஒரு குழி மட்டும் காலி. கையில் இருந்த கேப்பில் நான் மாட்டிய ரப்பர் வளையம் மூடியில் அழுந்தி உரசிய கறுப்புத் தடத்தோடு இருந்தது, ஆக அது துப்பாக்கிக்குள் போய் வந்தது. அடிப்பக்கம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தது. விசையை இழுத்தால் கேப்பில் குழி விழ அடிக்கும் ஊசி அதைத் தொடவே இல்லை. இருந்தாலும் என் ஊகத்தை மட்டும் வைத்து எழுதக் கூடாது என்றுதான் பழைய துளைத் திருகையே திரும்பப் போட்டு, வாஷரை எடுத்துவிட்டு, மூடியை நீ அன்று வைத்திருந்த நிலைக்குக் கொண்டுவந்து ஓரினிடம் கொடுத்தேன். நேற்று இங்கே அன்றைக்கு இருந்ததைவிட அதிகக் குளிர்.

நீ விசையை இழுக்கவில்லை, எமெட். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது, ஏன் என்பது தெரியாது, அதைக் கேட்கவும் இல்லை. நானும் அந்தக் கொம்புக்காரனை எதிர்க்கரையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், மூச்சு விடும்போது அவன் மூக்கிலிருந்து ஆவி எழுந்தது. உன் அப்பா போன பிறகு எனக்குத் துணைக்கு என்றுதான் நீ வருடா வருடம் வந்து உட்கார்ந்தாயோ என்று இப்போது தோன்றுகிறது. கோபம் ஒரு நாள் இருந்தது, இல்லையென்று எழுதினால் பொய். அதற்குப் பிறகு வந்ததைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் நிலவறைக்கு இறங்கிப் போய், அடுத்த தடவை உனக்கு அது வெடிக்க வேண்டும் என்று எதையாவது தேய்த்துக்கொண்டிருப்பேன். போன ஞாயிறு பழக்கத்தில் இறங்கிப் போய் விளக்கைப் போட்டேன். சரிசெய்ய ஒன்றுமில்லை. மூடி ஆரம்பத்திலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன், பிப் படியிலேயே நின்று என்னைப் பார்த்தது.

நேற்று இரவு ஓரின் மானின் பின்னங்கால் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார், அப்போதுதான் மூடி விஷயத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, “அப்ப மூடி மேல தப்பில்ல. பையன் மேலயும் தப்பில்லங்கிற. பின்ன யாரு மேலதாம்மா தப்பு?” என்று கேட்டார். குளிர்மேல் என்றேன். என்னையே பார்த்தார், நான் போட்டிருந்த உன் கோட்டையும் பார்த்தார். “குளிருக்குச் சட்டை கிடையாதே, எத வெட்டுறது?” என்றார். அப்படியானால் என்னுடையதே தொங்கட்டும் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. கறியை மிளகாய் போட்டுப் பெரிய பாத்திரத்தில் வைத்துவிட்டேன், இருவருக்கு வைத்த கை இன்னும் மாறவில்லை, நான்கு நாளைக்கு அதையே சாப்பிட வேண்டியிருக்கும்.

அங்கே வெயில் கடுமை என்கிறார்கள், கறவைக்குப் போகும்போது தொப்பி போட்டுக்கொள், ஈரக் கையுறையை உலர்த்தாமல் மறுநாள் மாட்டாதே. கேப்பைத் தபாலில் அனுப்பக் கூடாது, சமையலறை ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறேன். துப்பாக்கியைக் கழுவி, மூடியின் மரைக்குக் கிரீஸ் போட்டு, வீட்டுச் சூட்டில் இரும்பு வியர்க்காமல் இருக்க வெளித் தாழ்வாரத்தில் வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையோடு சீசன் முடிகிறது, நான் இனி சுடப் போகவில்லை, ஆனால் அன்று மாலை ஓடைக்குப் போய் உட்காருவேன். உன் பக்கத்துக் கரையில் நீ உட்காரும் வாளியையும் கவிழ்த்தே வைத்திருக்கிறேன். மார்ச்சில் விடுப்பு உண்டா இல்லையா என்று இந்த மாதக் கடைசியில் உன் பண்ணை முதலாளி சொல்வார் என்றாய், தெரிந்ததும் ஒரு வரி எழுது. கிடைத்து வந்தால் துப்பாக்கியைத் தொட வேண்டாம், சும்மா உட்காரலாம். நல்ல உடம்போடும் நிம்மதியான தூக்கத்தோடும் நீ இருக்க வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா
லியோட்டா